ஏற்றத்தில் மொரிஸ் மைனர்: தண்ணீரும் எண்ணெயும் காற்றும் போகிற வழி

நுவரெலியா ஏற்றத்தில் றம்பொடை வளைவில் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற பழைய கார்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பாஸ், ரேடியேட்டரை மாத்தணுமா?" பெரும்பாலும் வேண்டாம். எஞ்சினுக்குள் எது எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். தலவாக்கலையில் என் கராஜுக்கு அதிகம் வருவது மொரிஸ் மைனர் 1000. ஆகவே அதன் 948, 1098 சிசி எஞ்சின்களை வைத்தே சொல்கிறேன். ஒஸ்டின் ஏ35 வைத்திருப்பவர்களும் படிக்கலாம், எஞ்சின் குடும்பம் ஒன்றுதான்.

முதலில் தண்ணீர். ரேடியேட்டரின் அடி ஹோஸ் வழியாக வருகிற தண்ணீரை பம்ப் இழுத்து பிளொக்குக்குள் தள்ளும். அது நாலு சிலிண்டரையும் சுற்றி, இடையிலுள்ள கேஸ்கட் தகட்டின் துளைகள் வழியாக மேலேயுள்ள ஹெட்டுக்கு ஏறி, சூட்டுக்குத் திறக்கிற வால்வான முன்பக்கத்துத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குத் திரும்பும். எஞ்சின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள சின்ன பைபாஸ் ஹோஸ் வழியாகச் சுற்றும். விரல் நீளம்கூட இல்லாத அந்த ஹோஸ்தான் இந்த எஞ்சினில் முதலில் வெடிக்கிற சாமான். கண்ணாடியைப் பிடித்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். மாற்றும்போது மடிப்பு வைத்த ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். அதை அமுக்கி உள்ளே நுழைத்துவிடலாம், பம்பைக் கழற்றத் தேவையில்லை.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, வண்டி சூடாகாது" என்பது எங்கள் பக்கத்துப் பழைய வைத்தியம். கொழும்பில் எப்படியோ, நுவரெலியாவில் அது கேடு. எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. எண்ணெயில் ஈரமும் பெற்றோலும் சேர்ந்து கசடாகிவிடும். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். மூடியில் மட்டும் இருந்தால் குளிரும் சின்ன ஓட்டமும் காரணம், பயப்பட வேண்டாம். எண்ணெய் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் பால் நிறமாக வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்படி போதும். 82 பாகையில் திறக்கிற வகை என்றால், தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதி வருவதற்கு முன் வாய் திறக்க வேண்டும்.

கொதி என்றதும் ஒரு விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் ரேடியேட்டர் மூடி முக்கியம். 7 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குகிற மூடி நன்றாக இருந்தால், அந்த அழுத்தத்தில் கொதிநிலை மறுபடி 100ஐத் தாண்டும். ரப்பர் வாசர் காய்ந்த மூடியைப் போட்டுக்கொண்டு ஏறினால் ரேடியேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அருவித் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கிற எஞ்சினுக்குள் ஊற்றவும் கூடாது, ஹெட் வெடிக்கும். தேத்தண்ணி ஒன்று குடித்து ஆறவிடுங்கள்.

நாலாம் சிலிண்டர்ப் பக்கம் பிளொக்கின் அடியில் துருச் சேறு தங்கும். பின்பக்கத்து வடிகால் திருகைத் திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் அதுதான் சேறு. கம்பியால் குத்தி, ஹோஸ் பைப்பால் அலசுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் சேருங்கள். தை மாசத்தில் பனி கொட்டி தேயிலை கருகுகிற ஊரில் அது உறையாமலும் காக்கும், ஆனால் எனக்கு முக்கியம் துருதான்.

எண்ணெய்க்கு வேறு பாதை. எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலிருந்து வலை வழியாக, வால்வுகளை இயக்குகிற கேம் சாஃப்டின் பின்முனையில் ஓடுகிற பம்ப் அதை இழுக்கும். அழுத்தம் மிஞ்சினால் ரிலீஃப் வால்வு திறந்து சம்புக்கே திருப்பிவிடும். மிச்சம் ஃபில்டரைக் கடந்து பிளொக்கின் நீளக் குழாய்க்குப் போகும். அங்கிருந்து கிராங்க் சாஃப்டைத் தாங்குகிற மூன்று மெயின் பெயாரிங், அவற்றிலிருந்து கிராங்க் சாஃப்டின் துளைகள் வழியாக கனெக்டிங் ரொட்டின் அடிமுனையான பிக் எண்ட், இன்னொரு பக்கம் கேம் பெயாரிங். முன் கேம் பெயாரிங்கிலிருந்து ஒரு சின்னத் துளை ஹெட் வழியாக, வால்வுகளை அமுக்குகிற ரொக்கர்களின் சாஃப்டுக்கு ஏறுகிறது. வழியிலேயே கடைசி வீடு அதுதான், ஆகவே எண்ணெய் குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ரொக்கர்கள் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும்.

20டபிள்யூ50 எண்ணெய் போடுங்கள். ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் ஆரோக்கியம். எண்ணெய் அழுத்த மீற்றர் இல்லாத வண்டிக்கு ஒன்று பூட்டுங்கள். சிவப்போ பச்சையோ, விளக்கு எரிகிற நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கும். டிப்ஸ்டிக் பார்க்கச் சமதரை வேண்டும். எஸ்டேட்டில் அது அபூர்வம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் நிறுத்திப் பாருங்கள். பின் மெயினிலிருந்து சொட்டுகிற எண்ணெயை நான் கண்டுகொள்வதில்லை. அங்கே ரப்பர் சீல் கிடையாது. ஆனால் எண்ணெய் எல்லா மூட்டிலும் கசிந்தால் மூச்சுக்குழாயைப் பாருங்கள். ரொக்கர்களை மூடுகிற டெப்பட் கவரிலிருந்து எயார் ஃபில்டருக்குப் போகிற பைப் அடைத்திருக்கும்.

காற்று வருகிற வழி இது: ஃபில்டர், எஸ்யூ காபரேட்டர், மேனிஃபோல்ட், சிலிண்டர். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் கலவை பெற்றோல் கூடியதாகும். எஸ்யூ காபரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டொக்' என்று தட்டி இறங்க வேண்டும். தட்டுகிற சத்தம் இல்லை என்றால் அதைக் கழுவுங்கள். சரியென்றால் எஞ்சின் சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர்தான் தூக்குங்கள். வேகம் கூடிக்கொண்டே போனால் கலவை தடிப்பு, பெற்றோல் கூடியது. காபரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே திருப்பிப் பாருங்கள். வண்டி மலையிலேயே இருந்தால் இது போதும். கொழும்புக்கு நீண்ட ஓட்டம் போவதாக இருந்தால் நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் கீழே கலவை மெலிந்து வால்வு எரியும்.

இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினால் பிடித்து வருகிறீர்கள் அல்லவா, அப்போது த்ரொட்டில் மூடியிருக்கும். உறிஞ்சல் பலமாகி, வால்வுத் தண்டு ஓடுகிற வால்வு கைடுகள் வழியாக எண்ணெயை இழுக்கும். புசல்லாவையில் மறுபடி மிதித்ததும் நீலப் புகை ஒரு கணம் தள்ளி நின்றுவிட்டால் வண்டியை ஓட்டுங்கள். புகை நிற்காமல் வந்தால் கைடோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். கம்பளையில் சமதரை கிடைத்ததும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டு போங்கள்.