பழைய பிரிட்ஜ் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது? வீட்டிலேயே அளந்து புதியதோடு ஒப்பிடும் முறை

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் இருபது, முப்பது வருசப் பிரிட்ஜ்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. "இது கரண்டைக் குடிக்குது, மாத்துங்கோ" என்று கடையில் சொல்வார்கள். "அந்தக்காலத்துச் சாமான், இப்ப இப்பிடி வராது" என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். சில நாட்களும் ஒரு பேனையும் போதும்.

முதலில் ஒரு விசயம். வயது கூடக் கூடச் செலவும் கூடும் என்பது சரியில்லை. அமெரிக்காவில் 1940களின் கடைசியில் விற்ற பிரிட்ஜ்கள் வருடத்துக்குச் சுமார் 350 யூனிற் எடுத்தன. 1970களின் நடுப்பகுதியில் அது 1800 யூனிற் அளவுக்கு ஏறியது. பிறகு சட்டம் கொண்டுவந்து இறுக்கியதால், 2001இல் வந்த தரவிதியோடு 500 யூனிற்றை ஒட்டி இறங்கியது. (ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாற் மணி.) நடுவில் ஏன் ஏறியது? பெட்டி பெரிதானது. பனியைத் தானாக உருக்கும் கீற்றர் உள்ளே வந்தது. கதவோரம் வியர்க்காமல் இருக்க இன்னொரு கீற்றர் வந்தது. உள்இடம் கூட வேண்டும் என்று சுவரை மெல்லியதாக்கினார்கள். ஆகவே ஒற்றைக் கதவு, கையால் பனி உருக்கும் பழைய சின்னப் பிரிட்ஜை வயதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். 70களில் இருந்து 90கள் வரை வந்த, பனி பிடிக்காத இரண்டு கதவுப் பெட்டியில்தான் எங்கள் சந்தேகம் முதலில் விழும்.

படி 1: தகட்டை வாசியுங்கள்

பிரிட்ஜின் முதுகிலோ உள்சுவரிலோ ஒரு தகடு இருக்கும். நான்கு விசயங்களைக் குறியுங்கள்: வோல்ற், அம்பியர், குளிரூட்டும் காஸின் வகை, கொள்ளளவு. கன அடியில் இருந்தால் 28.3ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். ஆர் 12 என்று இருந்தால் அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பழைய காஸ், 1987 மொன்றியல் உடன்படிக்கையால் கைவிடப்பட்டது. ஆர் 134ஏ அதற்குப் பின் வந்தது. ஆர் 600ஏ இப்போதைய பெட்டிகளில் இருப்பது, எரியக்கூடியது.

தகட்டில் உள்ள அம்பியரை 230 வோல்ற்றால் பெருக்கி "இதுதான் செலவு" என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. பழைய கொம்பிரசர் மோட்டரின் பவர் பாக்டர், அதாவது வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையாகச் செலவாகும் பங்கு, 0.6ஐ ஒட்டியே இருக்கும். அதனால் 1.3 அம்பியர் எடுக்கும் மோட்டர், 300 வாற்ஸ் அல்ல, 180 வாற்ஸ் அளவில்தான் செலவழிக்கும். வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீற்றரால் பார்த்தாலும் இதே பிழைதான் வரும். அது அம்பியரை மட்டும் காட்டும்.

படி 2: அளக்குமுன் பெட்டியை ஒழுங்காக்குங்கள்

பராமரிக்காத பழையதைப் புதியதோடு ஒப்பிட்டால் பழுதைத்தான் அளக்கிறீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பின்னால் உள்ள கறுப்புக் கம்பிவலைதான் சூட்டை வெளியே தள்ளும் கொண்டென்சர். விறகடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் குசினியில் இது கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடும். சோளகக் காற்றில் வரும் புழுதி அதன்மேல் ஒட்டும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் 10 சென்ரிமீற்றராவது விடுங்கள். குருநகர், காரைநகர், பருத்தித்துறை போன்ற கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் கம்பி துருப்பிடித்திருக்கும். அங்கே இரும்புத் தூரிகை வேண்டாம், குழாய் ஓட்டையாகிவிடும்.

பனி அரை சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் உருக்குங்கள். கதவைத் திறந்துவிட்டு, சுடுதண்ணீர்ச் சட்டி ஒன்றை உள்ளே வைத்தால் தானாக விடும். கத்தியால் குத்தாதீர்கள். அலுமினியத் தகட்டுக்குள் காஸ் ஓடுகிறது. ஒரு குத்துப் பட்டால் பிரிட்ஜின் ஆயுளே போச்சு.

கதவு றபரைச் சோதிக்க ஒரு நூறு ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். நான்கு பக்கமும், முக்கியமாகப் பிணைச்சல் பக்கக் கீழ்மூலையில், பாருங்கள். வழுகி வந்தால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நெளிந்த இடத்தைச் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்துங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பிறகு பெட்டியை ஓடவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து ஒரு நாள் விடுங்கள். 4 பாகை செல்சியஸை ஒட்டி வரும்வரை தேமோஸ்ராற்றைத் திருப்புங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். 9 பாகையில் ஓடும் பழையது குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் அதற்குள் மீன் பழுதாகும்.

படி 3: அளவு

பிளக்கில் சொருகும் வாற்ஸ் மீற்றர் கிடைத்தால் மிக எளிது. சுவர்ப் பிளக்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் சொருகி, 24 மணித்தியாலம் கழித்து எத்தனை கிலோவாற் மணி என்று பாருங்கள். மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. ஸ்ரெபிலைசர் பாவிக்கிறவர்கள் மீற்றரை அதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் சொருகுங்கள். அதுவும் கரண்ட் எடுக்கிறது, அதையும் சேர்த்துத்தான் பில் வருகிறது.

அந்தக் கருவி இல்லையா? வாசலில் இருக்கும் மின்சார சபை மீற்றரே போதும். சீலைத் தொட வேண்டாம், பார்த்தாலே காணும். டிஜிற்றல் மீற்றரின் முகப்பில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை துடிப்பு (லைற் மினுங்கும் தரம்) என்று எழுதியிருக்கும், உதாரணமாக 1600. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். போன் சாஜர், ரீவி, வைபை பெட்டி உட்பட. கொம்பிரசர் ஓடும் சத்தம் கேட்கும்போது 10 நிமிடம் சிவப்பு லைற் எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணுங்கள். 48 தரம் என்றால், 48ஐ 1600ஆல் பிரிக்க 0.03 யூனிற். மணித்தியாலத்துக்கு அதன் ஆறு மடங்கு, 0.18 யூனிற். அதாவது ஓடும்போது 180 வாற்ஸ். தட்டுச் சுழலும் பழைய மீற்றரிலும் இதே கணக்குத்தான். சுற்றுகளை எண்ண வேண்டும்.

இப்போது ஓட்டநேரம். கொம்பிரசர் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்கிறது என்று காலையில் ஒரு மணித்தியாலம், மத்தியானம் ஒரு மணித்தியாலம், இரவில் ஒரு மணித்தியாலம் எழுதுங்கள். மொத்தத்தில் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 12 மணித்தியாலம்: 0.18ஐ 12ஆல் பெருக்க 2.16 யூனிற். மாதத்துக்கு ஏறக்குறைய 65.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஒப்பிடுவதை நிறுத்திப் பழுதைத் தேடுங்கள். காஸ் குறைந்திருக்கலாம், றபர் விட்டிருக்கலாம், தேமோஸ்ராற் ஒட்டியிருக்கலாம். பனி பிடிக்காத வகையில், கொம்பிரசர் சத்தம் நின்றபின் லைற் வேகமாக மினுங்கினால் உருக்கும் கீற்றர் வேலை செய்கிறது. அது சில நூறு வாற்ஸ் எடுக்கும். எண்ணிக்கை முறையில் இது தப்பிவிடும் என்பதால், இந்த வகைக்கு வாற்ஸ் மீற்றரே நம்பிக்கையானது. இன்வேர்ட்டர் பிரிட்ஜுக்கும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதால் ஒரு கணத்து வாற்ஸை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எந்த நாளில் அளப்பது? காண்டாவன வெயிலில் அளந்தால் கூடவும், மார்கழி மழையில் அளந்தால் குறையவும் காட்டும். முடிந்தால் இரண்டிலும் அளந்து சராசரி எடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தை விடுங்கள்: வீடு நிறைய ஆள், கதவு மூடின நேரம் குறைவு.

படி 4: புதியதின் லேபலை வாசிப்பது

நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். வருடத்துக்கு எத்தனை கிலோவாற் மணி என்ற எண்ணைத் தேடுங்கள். நட்சத்திர அளவுகோல் காலத்துக்குக் காலம் இறுக்கப்படும். பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. லேபல் எண் ஆய்வுகூடத்தில் எடுத்தது, உங்கள் குசினியில் எடுத்ததல்ல. 220 என்று போட்டிருந்தால் மாதம் 18 வரும். நாங்கள் கணக்குக்கு 25 என்றே வைப்போம். ஐரோப்பாவில் இருந்து வந்த பாவித்த பெட்டி என்றால் காலநிலை வகுப்பையும் பாருங்கள். T (ரி) வகுப்பு வெளியே 43 பாகைவரைக்கும் செய்யப்பட்டது. N (என்) வகுப்பு 32 வரைதான். எங்கள் மே மாதத்தில் அது திணறும்.

புதிய பெட்டி பலவற்றில் கொண்டென்சர் பக்கச் சுவருக்குள் இருக்கும். பக்கம் சுட்டால் பழுது என்று பயப்படாதீர்கள். அந்தச் சுவரை அலுமாரியோடு ஒட்டி வைக்காதீர்கள்.

படி 5: ரூபாயாக மாற்றுவது

மொத்தப் பில்லை யூனிற்றால் பிரித்துச் சராசரி விலை எடுத்தால் கணக்குப் பிழைக்கும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது: மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் 90, 120, 180 என்று படிகள் மாறும், மாத நிலைக்கட்டணமும் அதோடு மாறும். பிரிட்ஜில் மிச்சம் பிடிக்கும் யூனிற்கள், நீங்கள் நிற்கும் மேல்படியில் இருந்துதான் கழியும்.

மாதம் 130 யூனிற் எடுக்கும் வீடு ஒன்றில் பிரிட்ஜ் 65இல் இருந்து 25க்கு இறங்கினால் மொத்தம் 90 ஆகும். 130 யூனிற்றுக்கு ஒரு பில்லும் 90 யூனிற்றுக்கு ஒரு பில்லும், உங்கள் கடைசிப் பில்லில் உள்ள விலைகளை வைத்து எழுதுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் மாத மிச்சம். புதிய பெட்டியின் விலையை அதனால் பிரித்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று தெரியும். கொம்பிரசர் நன்றாயிருக்கும் சின்ன ஒற்றைக் கதவுப் பெட்டிக்குப் பத்து வருடத்தைத் தாண்டி விடை வந்தால், றபரை மட்டும் மாற்றி வைத்திருங்கள்.

ஆனால் புதியதை வாங்கியபின் பழையதை விறாந்தைக்குத் தள்ளிச் சோடாப் போத்தல் வைக்க ஓடவிட்டால், இந்தக் கணக்கெல்லாம் வீண். 65உம் 25உம் சேர்ந்து 90 யூனிற் போகும்.

பழையதைக் கழிக்கும்போது

பழைய இரும்பு வாங்குபவர் குழாயை வெட்டிக் காஸைக் காற்றில் விட இடங்கொடுக்காதீர்கள். காஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ரெக்னீசியனிடம் முதலில் கொடுங்கள். ஆர் 12 பெட்டிக்கு "காஸ் மாத்தி 600ஏ போட்டுத் தாறன்" என்பதையும் ஏற்காதீர்கள். எரியும் காஸுக்கு ஏற்ற சுவிச்சும் ரிலேயும் அந்தப் பெட்டியில் இல்லை. கைபிடிக் கொக்கியால் பூட்டும் பழைய கதவு என்றால், வளவில் ஒரு இரவு கிடந்தாலும் கதவைக் கழற்றிவிட்டே வையுங்கள்: உள்ளே போகும் பிள்ளையால் அதைத் திறக்க முடியாது.