ஸ்பிதிக்கு வண்டி கிளம்பும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் உயர்மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குப் போகத் தயாராகிவிட்டேன் என்று சொல்பவரின் வண்டியில் முதலில் கண்ணில் படுவது கூரையில் ஏற்றிய இரும்புச் சட்டம். அதன் மேல் இரண்டு கேன், ஒரு மண்வெட்டி, முன்னால் வரிசையாக விளக்குகள். இதற்கெல்லாம் தாராளமாகச் செலவழித்தவரிடம் ஸ்டெப்னியில் காற்று எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். அந்த விளக்குகள் எரிய வேண்டிய நேரத்தில், ஸ்பிதியிலிருந்து மணாலிப் பக்கம் போகும் குன்சும் கணவாய்ச் சாலையில் இருக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.

வண்டிக்கு வருமுன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலர் திட்டத்தையே தலைகீழாகப் போடுகிறார்கள். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள மணாலியில் காலையில் கிளம்பி, மாலையில் 4,200 மீட்டருக்கு மேலிருக்கும் சந்திரதால் ஏரிக் கூடாரத்தில் படுத்துவிடலாம். படுக்கலாமே தவிர, தூங்க முடியாது. தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. சிம்லா, கல்பா, டாபோ, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா என்று கின்னௌர் பக்கமாகப் படிப்படியாக ஏறி, குன்சும் தாண்டி மணாலிக்கு இறங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். லீவு இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள்.

மலை நோய்க்கான மாத்திரையைக் கிளம்பும்முன் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரி என்றாலும் கீழே இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும்வரைதான் தாங்கும். இறக்கிக்கொண்டு போக வேறொருவர் வேண்டுமே! நான்கு பேர் போகும் வண்டியை ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரியும் என்றால் அந்தக் குழு இன்னும் தயாராகவில்லை.

இனி வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு, வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனருக்கு அசையாது. ஏறி நின்று மிதித்தாலும் ஸ்பேனர்தான் வழுக்கும். நீளமான கைப்பிடி வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். ஜாக்கியைச் சரளை மண்ணில் வைத்தால் வண்டி எழும்பாமல் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். அடியில் போட ஒரு முழம் அகலமுள்ள தடித்த பலகை போதும், எந்த மரக்கடையிலும் கிடைக்கும். பூட்டு நட்டு போட்ட சக்கரமென்றால் அதன் சாவி எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் அது வீட்டு அலமாரியில் இருக்கும். ஸ்டெப்னி மற்ற நான்கு டயர்களைவிடச் சிறியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல புதிய வண்டிகளில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அதை நம்பிப் பாறைப்பாதையில் நெடுந்தூரம் போக முடியாது.

காற்றைக் குறைத்து ஓட்டுவது பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அதனால் அளவுக்கு மீறிக் குறைக்கிறார்கள். மணலுக்குச் சொன்ன அளவு கூர்க்கல்லுக்குப் பொருந்தாது. 32 பிஎஸ்ஐ வைக்கும் டயரை, கல்லும் சரளையும் கிடக்கும் பாதையில் 24, 25க்கு இறக்கினால் குலுக்கல் குறையும், பிடிப்பும் கூடும். அதற்கும் மிகக் கீழே போனால் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டயரின் பக்கவாட்டு நசுங்கிக் கிழியும். அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. திரும்ப நிரப்பக் காற்றடிக்கும் கருவி கையில் இல்லையென்றால் குறைக்கவே வேண்டாம். தார்ச்சாலையில் அதே காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய நாளிலிருந்து, நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் அந்த லீவரைத் தொடாதவர்கள் உண்டு. மாதக்கணக்கில் அசையாத லீவர் தேவைப்படும் நேரத்தில் விழாது. ஊரிலேயே ஏதாவது மண் தரையில் போட்டுப் பழகுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் பற்சக்கரங்கள்தான் பாடுபடும். இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை நம்பாமல், வேகம் குறைந்து இழுவிசை கூடும் லோ ரேஞ்சில் முதல் கியரில் விடுங்கள். பிரேக் திரவம் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதென்றால் கிளம்பும்முன் மாற்றிவிடுங்கள்.

சிக்கிய வண்டியை இழுப்பதில்தான் உயிர் போகிறது. கயிற்றை பம்பரில் கட்டுவது, இழுவை வண்டிக்கான உருண்டைக் கொக்கியில் மாட்டுவது, பிறகு சர்ரென்று வண்டியைக் கிளப்பி இழுப்பது. பிய்த்துக்கொண்டு வரும் இரும்புத் துண்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) சேர்ந்த கொக்கி எது என்று வண்டியின் கையேட்டில் பார்த்து, கயிற்றை அதில் மாட்ட எடைக்கேற்ற ஷேக்கிள் (இணைப்பு வளையம்) வாங்குங்கள். அறுந்தால் துள்ளாமலிருக்கக் கயிற்றின் நடுவில் கனமான கம்பளியைப் போட்டுவிட்டு, படமெடுக்க நிற்பவர்களைத் தூரத் துரத்துங்கள்.

குன்சும் தாண்டி மணாலிப் பக்கம் இறங்கியதும் வரும் பாத்தலிலிருந்து கிராம்பு என்ற இடம் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான் என்று மதிய உணவுக்குப் பிறகு புறப்படுவது இன்னொரு பிழை. வழியில் குறுக்கிடும் ஓடைகள் பனி உருகி வருபவை: காலையில் கணுக்காலளவு, பிற்பகலில் முழங்காலுக்கு மேல். விடிந்ததும் கிளம்பி விடுங்கள். இஞ்சினுக்குக் காற்று போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்சில் இதற்குப் பணம் கிடைப்பது கடினம்.

மணாலிக்கும் காசாவுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தால் எரிபொருள் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தீரும். காசாவில் பங்க் இருக்கிறது, அங்கே டாங்கை நிரப்பிவிடுங்கள். தண்ணீர் கேனில் பெட்ரோல் பிடித்து இருக்கைக்குப் பின்னால் வைக்க வேண்டாம். குன்சுமுக்கு முன் வரும் கடைசி ஊரான லோசர் தாண்டினால் நெடுந்தூரத்துக்கு செல்பேசி வேலை செய்யாது. அன்று மாலை வரை அழைப்பு வராது என்று காசாவிலிருந்தே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.