பெயர் தெரியாத யுஎஸ்பி வைஃபைக்கு டிரைவர் தேடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரூட்டர் முகப்பில் இருக்கும், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் ஏதாவது ஓர் அறையில் இருக்கும். நடுவில் கனத்த சுண்ணாம்புச் சுவர்கள். கேபிள் இழுப்பதற்காக அந்தச் சுவரைத் துளைக்க யாருக்கும் மனசு வராது, துளைக்கவும் கூடாது. அதனால் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகுகிறோம். பெட்டியில் வேகம் மட்டும் பெரிதாக அச்சடித்திருக்கும். கம்பெனிப் பெயர் இருக்காது. உள்ளே டிரைவர், அதாவது அடாப்டரைக் கம்ப்யூட்டரில் இயங்க வைக்கும் மென்பொருள், உள்ள ஒரு சின்ன சிடி. அதைப் போட்டுப் பார்க்க இன்றைய லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது.

பெட்டியில் இருப்பதை வைத்து டிரைவர் தேடாதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அடாப்டர்களில் ஒன்றில் ரியல்டெக் சிப் இருக்கும், இன்னொன்றில் மீடியாடெக் சிப் இருக்கும். டிரைவர் சிப்புக்குத்தான் எழுதப்படுகிறது, மேல்கூட்டுக்கு அல்ல.

1. கம்ப்யூட்டருக்குத் தற்காலிகமாக நெட் கொடுங்கள்

ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டும் இதைத் தானாகவே கண்டுகொள்ளும். அந்த ஆப்ஷன் மங்கலாகத் தெரிந்தால் உங்கள் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருக்கலாம். வேறு கேபிள் மாற்றுங்கள்.

2. சிப்பின் எண்ணைப் பாருங்கள்

அடாப்டரைச் செருகுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி இருக்கும். அதை இரண்டு முறை கிளிக் செய்து, 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். இரண்டு வரிகள் வரும். 'ரெவ்' இல்லாத சின்ன வரியை ரைட் கிளிக் செய்து காப்பி எடுங்கள்.

அந்த வரியில் விஐடி என்பது கம்பெனியின் எண், பிஐடி என்பது எந்தப் பொருள் என்பதன் எண். பெயரில்லாத அடாப்டர்களில் இவை பெரும்பாலும் சிப் கம்பெனியையும் சிப்பையும் காட்டும். விஐடி 0பிடிஏ என்றால் ரியல்டெக். 148எஃப் என்றால் ராலிங்க். அந்தக் கம்பெனி இப்போது மீடியாடெக்கோடு சேர்ந்துவிட்டது. மலிவு அடாப்டர்களில் அடிக்கடி பார்ப்பவை 0பிடிஏ–8179, அதாவது ஆர்டிஎல்8188இயு. 148எஃப்–7601, அதாவது எம்டி7601.

பிஐடி 1ஏ2பி என்று காட்டி, 'திஸ் பிசி'யில் புதிதாக ஒரு சிடி டிரைவ் முளைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அடாப்டர் கெட்டுப்போகவில்லை. டிரைவரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சிடி போல நடிக்கிறது. அந்த டிரைவைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். பிறகும் சிடியாகவே நின்றால், அதை ரைட் கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுங்கள். பெரும்பாலும் உடனே வைஃபையாக மாறிவிடும். வேலை செய்யும் அடாப்டரை இதனாலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

3. டிரைவரை இறக்கிப் போடுங்கள்

காப்பி எடுத்த வரியை 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' தளத்தின் தேடல் பெட்டியில் அப்படியே ஒட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் விண்டோஸுக்கு உரியதில் தேதி புதியதாக இருப்பதை இறக்குங்கள். விண்டோஸ் 11 என்று தனியாக இல்லாவிட்டால் விண்டோஸ் 10 டிரைவர் பெரும்பாலும் ஏற்கும். வருவது கேப் கோப்பு, அதாவது பலவற்றைச் சுருக்கிக் கட்டிய கோப்பு. செவன்-ஜிப் மென்பொருள் கொண்டு ஒரு ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் வரியை ரைட் கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', அடுத்து 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். தேவையில்லாததையெல்லாம் கூடவே ஏற்றிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் அந்த வரியைத் திறந்தால் பிழை எண் (கோடு) தெரியும். அது 28 என்றால் டிரைவர் இன்னும் ஏறவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. வேறு பதிப்பை எடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்தால் இதே எண் தெரியும். எம்டி7601க்கு டிரைவர் கெர்னல் 4.2 முதலே உள்ளே இருக்கிறது.

4. சிக்னல் வர இடம் பாருங்கள்

டிரைவர் ஏறியும் வீட்டு வைஃபை பெயர் தெரியவில்லையா? 150 எம்பிபிஎஸ் அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட், அதாவது அலைவரிசை, மட்டுமே தெரியும். ரூட்டரில் அந்த பேண்ட் ஆனில் இருக்கட்டும். '600' என்று போட்ட அடாப்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பேண்டும் பிடிக்கும், ஆனால் அந்த எண் 150ஐயும் 433ஐயும் கூட்டி முழுமையாக்கியது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் கிடைக்காது. கனத்த சுவரைத் தாண்ட 2.4தான் நல்லது.

அடாப்டரைக் கம்ப்யூட்டரின் பின்புறம், நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அதன் இரைச்சல் 2.4 சிக்னலைக் கெடுக்கும். ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரை மாட்டி, அறைக் கதவுக்கு வெளியே வளவுப் பக்கம், அதாவது முற்றத்தை ஒட்டிய பக்கம், வையுங்கள். நம் வீடுகளில் முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது இங்கே கைகொடுக்கும். சுவரைத் துளைத்து வர முடியாத சிக்னல், திறந்த நிலைகளின் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் வந்துவிடும். ரூட்டரையும் அந்தக் கோட்டிலேயே, நிலைக்கு நேராக வையுங்கள்.

வீடியோ இன்னும் தடுமாறினால்

வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண வீடியோ நின்று நின்று ஓடினால், உடனே வைஃபையைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கோப்பை இந்தக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். சரளமாக ஓடினால் குறை வைஃபையில். அப்போதும் தடுமாறினால் குறை பெரும்பாலும் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறையில்.

எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல்-ஜே அழுத்திப் பாருங்கள். ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265 என்றிருந்தால், இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய பல கம்ப்யூட்டர்களில் அதை அவிழ்க்கும் வன்பொருள் இருக்காது. முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும். வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' பிரீசெட், ஹெச்.264 என்கோடர், தரத்துக்கான எண்ணான ஆர்எஃப் 22 வைத்து மாற்றுங்கள். ஆர்எஃப் எண் குறைந்தால் படம் தெளியும், கோப்பு பெருக்கும். எந்த அளவு வரும் என்று கணக்குப் போட, வீடியோவின் பிட்ரேட், அதாவது நொடிக்கு எடுக்கும் தரவு, 8 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 ஜிபி. முழு வீடியோவையும் ஓட்டுமுன் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, நடுங்கும் விளக்கொளி, பட்டுப்புடவைச் சரிகை உள்ள காட்சியில் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாற்றிய பிறகும் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். ஒருமுறை சுருக்கியதிலிருந்து பழைய தெளிவைத் திரும்ப எடுக்க முடியாது.