தேயிலைச் சாற்றில் வெள்ளி நானோ துணிக்கைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானோ ஆய்வில் இறங்க நினைக்கும் மலையக மாணவர்கள் தேயிலையை நாடுவது இயல்பு. அது நல்ல தெரிவும்கூட. இலையிலுள்ள பொலிபீனோல்கள் (தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் சேர்மங்கள்) வெள்ளி அயன்களுக்கு இலத்திரன்களைக் கொடுத்து அவற்றை வெள்ளி அணுக்களாக்குகின்றன. அணுக்கள் திரண்டு 1 முதல் 100 நானோமீற்றர் வரையான துணிக்கைகளாகும்போது, அதே பொலிபீனோல்கள் மேலே படிந்து அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன.

மிகப் பெரிய தவறு நிறத்தை நம்புவதுதான். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சேர்ந்ததும் கலவை மஞ்சளாகிப் பழுப்பாகும். உடனே ‘துணிக்கை உருவாகிவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். தேயிலைச் சாறு தானாகவே பழுப்பு நிறமுடையது. காற்றுப் பட்டால் இன்னும் கறுக்கும். எனவே வெள்ளி சேர்க்காத சாற்றை அதே அளவு ஐதாக்கி, அதே வெப்பநிலையில், அதே நேரம் பக்கத்தில் வையுங்கள். எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலை ஒளிமானியில் அதையே ஒப்பீடாகக் கொண்டு அளவிடுங்கள். பிறகும் 400 முதல் 450 நானோமீற்றர் அலைநீளத்துக்குள் ஒளி உறிஞ்சலில் ஓர் உச்சி தெரிந்தால்தான் வெள்ளித் துணிக்கை பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் அது வலுவான அறிகுறி மட்டுமே. அளவையும் வடிவத்தையும் இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் நேரில் காட்டும்.

அடுத்தது தண்ணீர். பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கலாம். அதில் குளோரைட்டு இருந்தால் வெள்ளிக் குளோரைட்டு வெண்மையாக வீழ்படிந்து, வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகும். அதைத் துணிக்கை என்று எண்ணிவிடுவது எளிது. காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். போத்தல்களைக் கடைசியாக அலசுவதற்கும் அதே நீர் வேண்டும்.

துணிக்கை பற்றீரியாவை அழிக்கிறதா என்று பார்க்கும்போது ஒப்பீட்டை விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தேயிலைச் சாற்றுக்கே அந்த ஆற்றல் ஓரளவு உண்டு; எஞ்சிய வெள்ளி அயன்களுக்கோ நிறையவே உண்டு. சாறு மட்டும், வெள்ளி நைத்திரேற்று மட்டும், மையநீக்கியில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) கழுவிய துணிக்கை என மூன்றையும் தனித்தனியே சோதிக்காவிட்டால் அந்த முடிவு துணிக்கையைப் பற்றி எதையும் சொல்லாது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2017இல் வெளியிட்ட யூரியா–ஐதரொட்சிஅபற்றைற்று (ஒரு கல்சியம் பொசுபேற்றுக் கனிமம்) நானோ உர ஆய்வுக்கு மதிப்புத் தந்தது, சாதாரண யூரியாவோடு செய்த நேரடி ஒப்பீடுதான்: நைதரசன் ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாக வெளியானது.

‘தேயிலை’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். பச்சைக் கொழுந்தின் முக்கிய பொலிபீனோல்களான கட்டேச்சின்கள் தொழிற்சாலையில் நொதிக்கும்போது பெருமளவு மாறிவிடுகின்றன. ரகம், பறித்த நாள், பச்சையா பதப்படுத்தியதா என்பவை இல்லாமல் உங்கள் பரிசோதனையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியாது.

மீதிக் கரைசலைக் கானில் ஊற்றவே கூடாது. வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயா வழியே மகாவலியைச் சேர்கின்றன. மீதி வெள்ளி நைத்திரேற்றில் உப்புக் கரைசல் சேர்த்துக் கிடைக்கும் வெள்ளிக் குளோரைட்டு வீழ்படிவையும் மீதமுள்ள துணிக்கைக் கரைசலையும் பெயரெழுதிய போத்தல்களில் மூடி, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.