ஸ்டீயரிங் நடுங்குகிறதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

என் காரில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டை இரண்டு முறை செய்தும் குறையவில்லை. கடைசியில் பார்த்தால், முன் சக்கர ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவியதும் நடுக்கம் நின்றுவிட்டது. அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

முதலில் கவனியுங்கள். நல்ல தார்ச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும். எந்த வேகத்தில் தொடங்குகிறது? கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? பிரேக் பிடித்தால் மட்டும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரங்களையும், சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகப்படலாம். வண்டி நிற்கும்போதே அதிர்ந்தால் சக்கரத்தை விட்டுவிடுங்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் தளர்ந்திருக்கலாம், அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம்.

அடுத்து காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். மைலேஜ் கிடைக்கும் என்று சிலர் கூடுதலாக அடித்துவிடுகிறார்கள். அப்புறம் சின்னப் பள்ளமும் முதுகில் இடிக்கும். வண்டி தூக்கிப்போடுகிறது என்று ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

டயரைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் போதாது, உட்பக்கமும் வேண்டும். பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். எந்த பேலன்சிங்காலும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக ரிம்மில் சிறு வெயிட் ஒட்டுவது) அது சரியாகாது. அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். வெடிக்கக்கூடிய டயர் அது. டயரின் பட்டன் (சாலையில் படும் பகுதி) மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டி பல வாரம் நின்றிருந்தால் டயர் ஒரு பக்கம் தட்டையாகி முதல் சில கிலோமீட்டர் அதிரும். டயர் சூடானதும் தானாகப் போய்விட்டால் கவலை வேண்டாம்.

பேலன்சிங். வேகம் கூடினால் மட்டும் நடுக்கம் வருகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். 14 அங்குல ரிம் உள்ள சின்னக் காரில், 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒட்டிய 30 கிராம் வெயிட் கழன்று விழுந்திருந்தால், அந்த வேகத்தில் ஏறக்குறைய 4 கிலோ எடை ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுப்பது போல் இருக்கும். 50-ல் அந்த இழுப்பு நான்கில் ஒரு பங்குதான், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது தெரிவதில்லை. கடைக்குப் போகும் முன் ரிம்மை உள்ளும் புறமும் கழுவுங்கள். சேற்றோடு பேலன்ஸ் செய்தால், சேறு உதிர்ந்ததும் பழைய கதைதான்.

இன்னும் சந்தேகமா? முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றவாளி அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது. நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக முறுக்குங்கள். ஒரு பக்கமாகவே முறுக்கினால் சக்கரம் கோணலாக உட்கார்ந்து புதிய அதிர்வு வரும்.

பிரேக்கில் மட்டும் நடுங்குகிறதா? பெரும்பாலும் பிரேக் டிஸ்க் (பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு) சீராக இல்லை. ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டுமா? முன்சக்கரம் இழுக்கும் கார்களில், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஆடுகிறதென்றால், நிறுத்திவிட்டு அதன் ஒரு மூலையை அழுத்திக் கையை எடுங்கள். ஒன்று, ஒன்றரை ஆட்டத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து குதித்தாலோ, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தாலோ அது போய்விட்டது. அந்த அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடைசிச் சோதனையை மட்டும் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங்கோ, சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.