'சற்றுமுன்' என்று போடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி ஏரி உடையும் வீடியோ அனுப்பினான். "அண்ணா, எந்த சேனலுக்காவது தள்ளிவிடுங்க." எங்கே எடுத்தது என்றேன். "குரூப்ல வந்துச்சுண்ணா." பத்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில்.

போனைப் படுக்கவைத்து எடு, கை ஆடாமல் பிடி என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுங்கள்.

அடுத்தவர் வீடியோவுக்கு நம் நேரம்

2015 டிசம்பர் வெள்ளம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வந்ததைக்கூட ஊர் நம்பிய நேரம். எனக்கு வந்த ஒரு வீடியோவில் "நம்ம ஏரிக்கரை, சற்றுமுன்" என்று நானே எழுதிப் போட்டேன். தெரிந்த நிருபர் ஒருவர் என்னை நம்பினார். டிவியில் கீழே ஓடியது. நள்ளிரவில் பக்கத்துத் தெருப் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நனைந்தபடி ஓடினார்கள். கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோ ஏதோ பழைய வெள்ளத்தில் எடுத்தது.

இதில் இன்னும் எரிகிற இடம் வேறு. மூன்று வாரம் கழித்து அதே கரையில் நிஜமாகவே தண்ணீர் கசிந்தது. நானே நின்று எடுத்தேன். நிருபர் போனை எடுக்கவே இல்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்குக் கூட்டத்தைத் திரட்டியது பெரும்பாலும் நம் போன்கள்தான். கேமராக்கள் பின்னால் வந்தன. அதே போன்கள்தான் 2023 மார்ச்சில் சம்பந்தமில்லாத அடிதடி வீடியோக்களை, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பரப்பின. வடக்கே சில நாளிதழ்கள் அதைச் செய்தியாகவே போட்டன. பயந்துபோனவர்கள் ரயிலேறினார்கள். போலீஸ் மறுப்பு சொல்லி ஓய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால் இன்று சேனலின் செய்தி டெஸ்கில் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினல் இருக்கா?" வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். போனிலிருந்து அழிக்காதீர்கள். எடுக்கும்போதே ஒருமுறை கடை போர்டு, பஸ் நம்பர், மைல்கல் பக்கம் திருப்புங்கள்.

பின்னணிப் பாட்டு

வேண்டாம்.

இருபது சேனலை டேக் செய்வது

ஒருவரும் எடுக்க மாட்டார். அந்த ஊர் நிருபர் ஒருவருக்குச் சொன்னால் போதும்.

முகம்

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால் குற்றவாளி நீங்கள். நல்ல எண்ணம் என்று சொல்லித் தப்ப முடியாது.

தம்பியின் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு டீக்கடை. போர்டு தெலுங்கில் இருந்தது.