லப்டொப்பிலும் போனிலும் ஒரே ஈமெயில்: ஒன்றும் தொலையாமல் ஒத்திசைக்கும் வழி

லப்டொப்பில் அழித்த மெயில் போனில் அப்படியே கிடக்கிறது. போனில் அனுப்பிய பதிலை லப்டொப்பின் ‘சென்ட்’ போல்டரில் காணவில்லை. கந்தோர் கணினியைத் திறந்துவிட்டால் அதன் பிறகு போனுக்குப் புது மெயிலே வருவதில்லை. கல்முனையில் கடை வைத்திருப்பவர், வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளைகள், அறுகம்பையில் கெஸ்ட்ஹவுஸ் நடத்துபவர் என்று யார் கேட்டாலும் முறைப்பாடு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேரும் அநேகமாக ஒன்றே: கணினி ‘பொப்’ முறையில் மெயிலை இறக்கிக்கொண்டிருக்கிறது.

பொப் 1984இல் வந்த முறை. ஆளுக்கு ஒரு கணினி என்ற காலத்துக்கு அது சரி. சேர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கணினியில், உள்ள மெயிலை உங்கள் கணினிக்கு இறக்கிவிட்டு, சேர்வரில் இருப்பதை அழித்துவிடும். ‘லீவ் மெசேஜஸ் ஒன் சேர்வர்’ என்பதற்கு டிக் போட்டால் உடனே அழிக்காது. ஆனால் அதற்குக் கீழே 14 நாள் என்று ஒரு கெடு பெரும்பாலும் போடப்பட்டிருக்கும், அது முடிந்ததும் போய்விடும். அதைவிட முக்கியம், நீங்கள் வாசித்தது, அனுப்பியது, வேறு போல்டருக்கு மாற்றியது எதுவுமே பொப்பில் சேர்வருக்குத் திரும்பிப் போகாது.

‘ஐமேப்’ முறையில் மெயில் சேர்வரிலேயே இருக்கும். வாசித்தது, பதில் போட்டது, நட்சத்திரம் இட்டது, அழித்தது என்ற குறிகளும் சேர்வரிலேயே பதிவாகும். கடையில் ஒரே கணக்குக் கொப்பியில் இரண்டு பேர் எழுதுவது போல, ஒருவர் வெட்டியது மற்றவர் பார்க்கும்போதும் வெட்டுப்பட்டே இருக்கும். ஆகவே போனிலும் கணினியிலும் ஐமேப்தான் இருக்கவேண்டும். ஒன்றில் ஐமேப், மற்றதில் பொப் என்றால் பிரச்சினை தீராது.

எது இருக்கிறது என்று பார்க்க, கணினியில் நீங்கள் மெயில் பார்க்கும் மென்பொருளைத் திறவுங்கள். தண்டர்பேர்டில் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ போய் ‘சேர்வர் செட்டிங்ஸ்’ திறந்தால் ‘சேர்வர் டைப்’ என்று எழுதியிருக்கும். பழைய அவுட்லுக்கில் ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்தால் மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும்.

பொப்பிலிருந்து ஐமேப்புக்கு மாறுதல்

அவசரப்படக்கூடாத இடம் இது. பல வருட மெயில் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கலாம். பொப் அக்கவுண்டை ‘ரிமூவ்’ பண்ணிவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று தொடங்கினால் அந்த மெயில் எல்லாம் போய்விடலாம். இருக்கிற அக்கவுண்டை பொப்பிலிருந்து ஐமேப்பாக மாற்றவும் முடியாது, அப்படியொரு பட்டன் இல்லை. பழையதை வைத்துக்கொண்டே, அதே முகவரியை ஐமேப்பாகப் பக்கத்தில் சேர்க்கவேண்டும்.

முதலில் பிரதி எடுங்கள். தண்டர்பேர்டில் ‘ஹெல்ப்’, ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘புரொஃபைல் போல்டர்’ பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தினால் மெயில் இருக்கும் இடம் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த போல்டரை முழுதாகப் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள். இன்பொக்ஸ் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதால் அது 4 ஜிபியைத் தாண்டியிருக்கலாம். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் இருக்கிறதே, ஏன் போகவில்லை என்று குழம்பவேண்டாம். பென் டிரைவை எக்ஸ்ஃபெட்டாக ஃபோர்மட் செய்தால் போகும். ஃபோர்மட் செய்யும்போது அதில் உள்ளது அழியும், முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய அவுட்லுக் என்றால் பி.எஸ்.டி. என்று முடியும் கோப்பைப் பிரதி எடுத்தால் போதும்.

அடுத்து பழைய பொப் அக்கவுண்டின் ‘சேர்வர் செட்டிங்ஸில்’ புது மெயில் பார்ப்பதற்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஐமேப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது இன்பொக்ஸைக் காலி செய்துகொண்டிருக்கும்.

இனி ஐமேப் அக்கவுண்டைச் சேருங்கள். ஜிமெயிலுக்கு உள்வரும் சேர்வர் ஐமேப் டொட் ஜிமெயில் டொட் கொம், போர்ட் 993, எஸ்.எஸ்.எல். பாதுகாப்பு. வெளிச்செல்லும் சேர்வர் எஸ்.எம்.டி.பி. டொட் ஜிமெயில் டொட் கொம், போர்ட் 465. அது ஒத்துவராவிட்டால் 587, அப்போது பாதுகாப்பு ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’ புதிய தண்டர்பேர்ட் இதையெல்லாம் தானே நிரப்பி, கூகுள் லொகின் பக்கத்தைத் திறந்து அனுமதி கேட்கும். பழைய அவுட்லுக் 2010, 2013 வைத்திருப்பவர்களுக்கு வழமையான பாஸ்வேர்ட் வேலை செய்யாது. கூகுள் அக்கவுண்டில் இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டு, 16 எழுத்துள்ள ‘அப் பாஸ்வேர்ட்’ எடுத்துக் கொடுக்கவேண்டும். கூகுளின் பிரதான பாஸ்வேர்டை மாற்றிய அன்றே அந்த 16 எழுத்தும் செல்லாமல் போகும், புதிதாக எடுக்கவேண்டும்.

இப்போது பழைய மெயிலைச் சேர்வருக்கு ஏற்றலாம். ஐமேப் அக்கவுண்டில் ‘பழையவை’ என்று ஒரு போல்டர் உண்டாக்கி, பொப் இன்பொக்ஸில் மெயில்களைத் தெரிந்து ‘கொப்பி டு’ கொடுங்கள். ‘மூவ்’ வேண்டாம், இடையில் லைன் அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்று தெரியாமல் போகும். ஒரு தடவைக்கு இருநூறு, முந்நூறு மெயில் போதும். ஒவ்வொரு தொகுதிக்கும் பிறகு பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து வந்துவிட்டதா என்று பாருங்கள். ஐமேப் வழியாக ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஜிமெயிலில் நாளாந்த எல்லை இருக்கிறது. தாண்டினால் அக்கவுண்ட் சில மணி நேரம் முடங்கும். பெரிய பெட்டி என்றால் பல நாளாகப் பிரித்து ஏற்றுங்கள். எல்லாம் வந்த பிறகு பிரவுசரில் ஜிமெயில் ‘செட்டிங்ஸ்’, ‘ஃபோர்வர்டிங் அண்ட் பொப்/ஐமேப்’ திறந்து பொப்பை ‘டிஸேபிள்’ செய்துவிடுங்கள். மறந்துபோன இன்னொரு கணினி எங்கேயாவது மெயிலை இறக்கிக்கொண்டிருந்தால் அதோடு நிற்கும்.

போன் பக்கம்

அன்ட்ரொய்டில் ஜிமெயில் முகவரிக்கு ஜிமெயில் அப் போதும். அதன் ‘செட்டிங்ஸில்’ முகவரியைத் தொட்டு ‘சிங்க் ஜிமெயில்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டேஸ் ஒஃப் மெயில் டு சிங்க்’ 30 நாள் என்று இருப்பது, போனில் வைத்திருக்கும் பிரதிக்கு மட்டுமான கணக்கு. அதற்கு முந்திய மெயில் அழியவில்லை, தேடினால் இணையம் வழியாக வரும்.

சொந்த டொமைன் முகவரி, அதாவது ஜிமெயில் என்று முடியாமல் தங்கள் தொழிலின் பெயரிலேயே முடியும் முகவரி, வைத்திருக்கும் கெஸ்ட்ஹவுஸ், கடைகளுக்குக் கதை வேறு. அந்த முகவரியை ஜிமெயில் அப்பில் சேர்த்தால் அது குறித்த இடைவெளிக்கு ஒரு தடவைதான் போய்ப் பார்க்கும். அறை இருக்கிறதா என்று கேட்டு எழுதுபவர் அதற்குள் அடுத்த இடத்தில் புக் பண்ணிவிடுவார். இதற்கு 2024இல் வந்த அன்ட்ரொய்ட் தண்டர்பேர்ட் நல்லது. சேர்வர் இடங்கொடுத்தால் ‘புஷ்’ முறையில் மெயில் வந்தவுடனேயே சொல்லும். கணினித் தண்டர்பேர்டின் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘எக்ஸ்போர்ட் ஃபோர் மொபைல்’ கொடுத்து, திரையில் வரும் கியூ.ஆர். குறியைப் போனில் ஸ்கேன் செய்தால் சேர்வர் விபரம் எல்லாம் தானே வந்துவிடும்.

ஐபோனின் சொந்த மெயில் அப்பில் ஜிமெயிலுக்குப் புஷ் கிடையாது. ‘ஃபெட்ச் நியூ டேட்டா’ என்பதை 15 நிமிடத்தில் வையுங்கள். ‘ஒட்டோமெட்டிக்’ என்று விட்டால், சார்ஜில் போட்டு வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் பார்க்கும்.

மெயில் அப்பைத் திறந்தால்தான் மெயில் வருகிறது என்றால், போன் பற்றரியைக் காப்பாற்ற அந்த அப்பைத் தூங்க வைத்திருக்கிறது. சாம்சங்கில் ‘பெட்டரி’, ‘பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்’ போய் ‘ஸ்லீப்பிங் அப்ஸ்’, ‘டீப் ஸ்லீப்பிங் அப்ஸ்’ இரண்டு பட்டியலிலும் அது இல்லாமல் பாருங்கள். ஷாவோமியில் ‘ஒட்டோஸ்டார்ட்’ போட்டு, பெட்டரி சேவரில் ‘நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ தெரியுங்கள். டேட்டா சேவர் போட்டிருந்தால் மெயில் அப்புக்கு விலக்குக் கொடுக்கவேண்டும்.

டேட்டா, கரண்ட்

போன் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை ஓட்டுபவர்கள் ஐமேப் போட்ட முதல் நாளே டேட்டா தீர்ந்துவிட்டது என்பார்கள். தண்டர்பேர்ட் பெட்டி முழுவதையும் இறக்கப் பார்க்கும். ‘சிங்க்ரொனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ திறந்து, கடைசி 30 அல்லது 90 நாள் மெயில் மட்டும் என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் முதல் ஒத்திசைவை இரவுக்கு வையுங்கள். இணைப்புகள் மெயிலில் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருக்கும்; 3 எம்பி படம் அனுப்ப 4 எம்பி செலவாகும்.

மாரியில் கரண்ட் போய் ரவுட்டர் நின்றால், லப்டொப்பில் எழுதி அனுப்பிய மெயில் ‘அவுட்பொக்ஸில்’ தங்கும். அவுட்பொக்ஸ் சேர்வரில் இல்லை, அந்தக் கருவியில் மட்டுமே இருக்கிறது. போனில் காணவில்லையே என்று திரும்ப எழுதி அனுப்பினால், கரண்ட் வந்ததும் முதல் மெயிலும் போய், பெறுபவருக்கு இரண்டு கிடைக்கும். வேலை விண்ணப்பம், விலைமனு என்றால் இது நல்லதல்ல. முதலில் லப்டொப்பின் அவுட்பொக்ஸைப் பார்த்து அதை அழித்துவிட்டுப் போனில் எழுதுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் ஒத்துவராதபோது

கணினியில் ‘ஃபில்டர்’ போட்டு மெயிலை ‘லோக்கல் போல்டர்ஸ்’ பக்கம் தள்ளியிருந்தால் அது சேர்வரை விட்டே போய்விடும், போனில் வராது. ஃபில்டர்களைப் பிரவுசரில் ஜிமெயிலுக்கு உள்ளேயே போடுங்கள். கணினி நிறுத்தியிருந்தாலும் வேலை செய்யும்.

ஒரே மெயில் கணினியில் இரண்டு தடவை தெரிந்தால் ‘ஓல் மெயில்’ போல்டர்தான் காரணம். ஜிமெயிலின் ‘லேபல்ஸ்’ பக்கத்தில் அதற்கு ‘ஷோ இன் ஐமேப்’ டிக்கை எடுத்துவிட்டால் தீரும்.

புது மெயில் எந்தக் கருவிக்கும் வராவிட்டால் இடத்தைப் பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் டிரைவும் ஃபோட்டோஸும் அடக்கம். போன் படங்கள் அதை நிரப்பியிருந்தால் மெயில் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பும்.

சொந்த டொமைனில் அடிக்கடி நடப்பது ஒன்று. பாஸ்வேர்டைக் கணினியில் மாற்றுவார்கள், போனில் மறந்துவிடுவார்கள். போன் பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்ட, சேர்வர் அதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி உங்கள் ஐ.பி. முகவரியையே, அதாவது உங்கள் இணைய இணைப்பின் இலக்கத்தையே, தடுத்துவிடும். ஒரே ரவுட்டரில் இருக்கும் எல்லாக் கருவியும் சேர்ந்து முடங்கும். வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வேலை செய்தால் காரணம் இதுதான். எல்லாக் கருவியிலும் புது பாஸ்வேர்டைப் போட்ட பிறகு, அந்த மெயில் சேர்வரை நடத்தும் ஹோஸ்டிங்காரரிடம் தடையை நீக்கச் சொல்லவேண்டும். முதலிலேயே நீக்கச் சொன்னால் மறுபடி தடுக்கும்.

ஒரு முகவரியை இருவர் பார்க்கும் இடங்களில், ஒருவர் திறந்த மெயில் மற்றவருக்கும் வாசித்ததாகக் காட்டும். பதில் போடவேண்டியதற்கு நட்சத்திரம் இடுவது, பதில் போட்டவர் அதை எடுப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரமும் ஒத்திசையும். கையொப்பமும் தொடர்பு இலக்கங்களும் ஐமேப்பில் வராது. அவற்றைத் தனியாகப் போடவேண்டும்.

கொமினிகேஷனில் திறந்த முகவரிகள்

நம் பக்கத்தில் பலருடைய முதல் முகவரியை விண்ணப்பம் நிரப்பப் போன கொமினிகேஷனில்தான் திறந்து கொடுத்திருப்பார்கள். பாஸ்வேர்ட் ஒரு துண்டில் எழுதியிருக்கும், மீட்பு இலக்கம் வேறு யாருடையதாகவோ இருக்கும். புதுப் போனில் ஒத்திசைக்கப் போகும்போது கூகுள் அந்த இலக்கத்துக்குத்தான் கோட் அனுப்பும். லொகின் ஆகியிருக்கும் கருவி ஒன்றாவது கையில் இருக்கும்போதே கூகுள் அக்கவுண்டின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் மீட்பு இலக்கத்தை உங்கள் சொந்த சிம்முக்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில் ‘யோர் டிவைசஸ்’ என்ற பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத கணினி ஒவ்வொன்றையும் ‘சைன் அவுட்’ கொடுத்து, பிறகு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். இரண்டு வருடம் தொடாத கூகுள் அக்கவுண்டை நிறுவனம் அழிக்கலாம் என்பதால், சான்றிதழ்களும் நேர்முகக் கடிதங்களும் கிடக்கும் பழைய முகவரியையும் போனில் சேர்த்து, இடைக்கிடை திறந்து பாருங்கள்.